குரைத்தால் சாப்பிடும் பிள்ளை

வெந்த ப்ரோக்கோலி ஒன்று ஹேமிஷின் இடது கண்ணில் வந்து அப்பியபோது மணி எட்டே முக்கால். எட்டு ஐம்பதுக்கு இன்னொன்று வந்தது. அது காதில்.

எறிந்தவன் டூகல். வயது எட்டு மாதம், பல் இரண்டு, குறி தப்பியதே கிடையாது.

"டேய், அது உன் வாய்க்குடா. என் மூஞ்சிக்கு இல்ல."

டூகல் கடைசித் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, நாற்காலிக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்த மேஜருக்குப் போட்டான். மேஜர் ஆடு மேய்த்து ஓய்வு பெற்ற நாய். ஒரு மாதமாக அந்த வீட்டில் சத்தான ஆகாரம் சாப்பிட்டு வந்தது அது ஒன்றுதான்.

ஹேமிஷ் வேலி போடுகிறவன். டெமுக்கா என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள ஆட்டுப் பண்ணைகளில் பாதி வேலி அவன் அடித்தது. குளிர்காலச் சேற்றில் கம்பம் நிற்காது என்பதால், "மூணு மாசம் பிள்ளையை நான் பார்த்துக்கறேன். அது என்ன பெரிய வேலையா?" என்று மனைவியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

மனைவி ஜோசலின் பகலில் நூலகத்தில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை காலைகளில் ஊர் மண்டபத்தில் தாய்மார்களுக்கு வகுப்பு எடுத்தாள். வகுப்பின் பெயர் 'தானே சாப்பிடும் பாப்பா'. அதன் சாரம் இதுதான்: குழந்தைக்கு யாரும் ஊட்டக் கூடாது. வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவதையே விரல் நீளத்துக்கு நறுக்கி, மெத்தென்று வேகவைத்து, அதன் முன்னால் வைத்துவிட்டுப் பெற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அது தொடும், பிசையும், நசுக்கும், ஒருநாள் தின்னும். கஞ்சி கூடாது, மசியல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பூன் கூடாது. வகுப்பில் ஸ்பூன் என்று சொல்ல நேர்ந்தால் ஜோசலின் குரலைத் தாழ்த்திக்கொள்வாள், ஏதோ கெட்ட வார்த்தை போல.

டூகல் தொட்டான், பிசைந்தான், நசுக்கினான். தின்பது மட்டும் நடக்கவில்லை.

முதல் வாரம் ஹேமிஷ் பொறுமையாக இருந்தான். இரண்டாம் வாரம் கெஞ்சினான். அந்த ஊரில் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குக் குமரா என்று பெயர். "குமரா, உள்ளே போ! குமரா, ஒரே ஒரு தடவை!" என்று அவன் கண் கலங்க மன்றாடியதைத் தமிழர் யாராவது கேட்டிருந்தால், திருச்செந்தூருக்கு நேர்ந்துகொள்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். மூன்றாம் வாரம் அவன் ஒரு டீஸ்பூனை எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு தோட்டத்துக் கொட்டகைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

அங்கே, ஆணி டப்பாக்களுக்கும் கம்பிச் சுருளுக்கும் நடுவில், மசித்த குமராவை டூகல் ஒரு கிண்ணம் முழுக்கத் தின்று ஏப்பம் விட்டான்.

அன்றிலிருந்து மத்தியானம் ஒரு தடவை, ஜோசலின் வீடு திரும்புவதற்கு முன் நாலரைக்கு ஒரு தடவை, கொட்டகை விஜயம் தவறவில்லை. ஸ்பூன் ஆணி டப்பாவில் ஒளிந்திருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஜோசலின் ஒட்டியிருந்த அட்டவணையில், 'தானே சாப்பிட்டவை' என்ற தலைப்பின் கீழ் ஹேமிஷ் கற்பனையை ஓடவிட்டு எழுதினான். எழுதும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எழுத எழுதக் கை பழகிவிட்டது.

ஒரே ஒரு மர்மம் மட்டும் அவனை அரித்தது. அலமாரி இழுப்பறையில் டீஸ்பூன்கள் குறைந்துகொண்டே வந்தன. அவன் எடுத்தது ஒன்று. எட்டு இருந்த இடத்தில் மூன்றுதான் இருந்தது. ஜோசலின் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து போன வாரம்தான் புதிதாக ஆறு வாங்கிப் போட்டிருந்தான். அவையும் குறைந்தன. மேஜர்தான் திருடிப் புதைக்கிறது என்று முடிவு கட்டித் தோட்டத்தில் நாலு இடம் தோண்டிப் பார்த்தான். இரண்டு எலும்பும் தன் பழைய செருப்பும் கிடைத்தன. ஜோசலின் ஸ்பூனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏதோ நான் செய்த புண்ணியம் என்று நினைத்துக்கொண்டான்.

செவ்வாய் சாயங்காலம் ஜோசலின் கதவைத் திறக்கும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

"ஹேமிஷ்! சனிக்கிழமை வகுப்புக்கு டர்ன்புல் அம்மா வர்றாங்க!"

"யாரு, ஊர்ச்சபைத் தலைவியா?"

"அவங்களேதான். வகுப்பைப் பார்த்துட்டு, நிரந்தரமாக்கறதா மூடறதான்னு அங்கேயே சொல்லிடுவாங்களாம். மூடிட்டாங்கன்னா நூலகச் சம்பளம் மட்டும் பத்தாது, நான் மறுபடியும் பக்கத்து டவுன் டிமாருல இருக்கற இறைச்சி ஃபேக்டரிக்குத்தான் போகணும். அதனால நம்ம டூகலை வெச்சே செஞ்சு காட்டறேன்னு சொல்லிட்டேன்."

ஹேமிஷ் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டான். "டூகலையா? அவன் ரொம்பக் கூச்ச சுபாவம், ஜோஸ்."

"நேத்து குளிச்ச ஈரத்தோட அம்மணமா தவழ்ந்து போய்த் தபால்காரம்மா காலைக் கட்டிக்கிட்டான். அவனுக்கா கூச்சம்?"

அவள் ஃப்ரிட்ஜ் கதவின் முன் நின்று அட்டவணையை உற்றுப் பார்த்தாள். "இன்னிக்கு மட்டும் நாலு துண்டு குமரா, ரெண்டு விரல் ஆட்டுக்கறி, அரைப் பேரிக்காய். இவ்வளவுமா சாப்பிட்டான்?"

"கொட்டிக்கிட்டான்."

"அதான் தொப்பை போட்டிருக்கான்." தொப்பையை ஒரு தட்டுத் தட்டினாள். "என் எதிர்ல மட்டும் ஏன் எதையும் தொட மாட்டேங்கறான்?"

"உன்னைப் பார்த்தா பால் ஞாபகம்தான் வரும்போல."

"அப்போ சனிக்கிழமை நீ பக்கத்துலயே நில்லு. உன் எதிர்லதானே சாப்பிடறான்? நீ இருந்தா போதும்." அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "மறுபடியும் அந்த ஃபேக்டரிக்கு என்னால போக முடியாது, ஹேமிஷ். நிஜமா முடியாது."

அன்று ராத்திரி ஹேமிஷ் தூங்கவில்லை. கையில் இருப்பது மூன்றே நாள். சண்டித்தனம் பண்ணும் கடாக்களை வேலிக்குள் அடைத்தவன் இரண்டு பல் பிள்ளையிடமா தோற்பது?

ஜோசலின் தினமும் காலை ஏழே முக்காலுக்கு டூகலைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி மண்டபம் வரை போய் வருவாள். பிள்ளைக்குக் காற்று படுமாம், அப்படியே அறிவிப்புப் பலகையையும் பார்த்துவிடலாமாம். எட்டரைக்குப் பிள்ளையை ஹேமிஷிடம் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள்.

புதன்கிழமை காலை வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நடை ரத்து. கூரைத் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்ள, ஹேமிஷ் மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போய் அதைக் குத்திவிட்டு உள்ளே வந்தான். டூகல் எறிந்திருந்த பட்டாணியைப் பொறுக்கத் தரையில் மண்டியிட்டவன், நிமிர்ந்து பார்த்தால் பிள்ளை மேஜரின் தகரக் கிண்ணத்தை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தான். அதில் டூகலே முன்தினம் நிராகரித்து, ஹேமிஷ் அப்போதுதான் மேஜருக்குப் போட்ட குமராத் துண்டுகள் கிடந்தன. மேஜரும் அதே திசையில் கிளம்பியது.

"வவ்!" என்று குரைத்தான் ஹேமிஷ். நாய் திகைத்துப் போய் உட்கார்ந்துவிட்டது.

டூகல் கிண்ணத்தில் கையை விட்டான். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தான். மென்றான், விழுங்கினான். இன்னொன்று. இன்னும் ஒன்று. கிண்ணம் காலியாகும் வரை நிமிரவில்லை.

ஹேமிஷ் மழைக்கோட்டோடு தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். ஆனந்தம்.

வியாழக்கிழமை வெயில் அடித்தது. ஜோசலினும் டூகலும் நடைபோய்த் திரும்பினார்கள். அவள் வேலைக்குக் கிளம்பிய கையோடு ஹேமிஷ் நாய்க் கிண்ணத்தைக் கொதிநீரில் மூன்று தரம் கழுவி, புதுக் குமராவைப் போட்டு, நாற்காலித் தட்டில் வைத்தான்.

டூகல் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"சரி, தரையிலதானே சாப்பிட்டே?" கிண்ணம் தரைக்கு வந்தது. டூகல் அதன்மேல் ஏறி உட்கார்ந்தான்.

"மேஜர் பக்கத்துல இருக்கணுமோ?" மேஜர் வந்தது. பிள்ளை அதற்குத் தாராளமாக ஊட்டிவிட்டான். ஊட்டக் கூடாது என்ற விதி நாய்களுக்குப் பொருந்தாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஹேமிஷ் தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தான். நேற்று இருந்தது, இன்று இல்லை. எது? மழைக்கோட்டு! எடுத்து மாட்டிக்கொண்டான். பயனில்லை. முட்டி போட்டான். அதற்கும் பயனில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"வவ்! வவ்வவ்! வவ்!"

வாசலில் கனைப்புச் சத்தம். கையில் பொட்டலத்தோடு தபால்காரம்மா நின்றிருந்தாள்.

"கையெழுத்து வேணும். போட வருமா, இல்ல பாதத்தை வெச்சு அழுத்தறீங்களா?"

"குழந்தைக்குச் சாப்பாடு குடுத்துக்கிட்டு இருக்கேன்."

"அது தெரியுது," என்றாள் அவள். அன்று மத்தியானத்துக்குள் டெமுக்கா முழுவதற்கும் அது தெரிந்துவிட்டது.

எரிச்சலில், கொட்டகைக்குப் போகுமுன் குமராவை மசிக்க முள்கரண்டி எடுக்கலாம் என்று இழுப்பறையைத் திறந்தான். இரண்டே இரண்டு டீஸ்பூன் கிடந்தது. மேஜரை முறைத்தான். அது வாலை ஆட்டியது.

வெள்ளிக்கிழமை தட்டு முழுவதும் மார்மைட்டைத் தடவினான். அது ஈஸ்டில் செய்த கரிய உப்புக் களிம்பு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உயிர். விரலில் ஒட்டினால் விரல் வாய்க்குத்தானே போயாக வேண்டும் என்பது அவன் கணக்கு. டூகலின் விரல் திரைச்சீலைக்குப் போயிற்று. பிறகு சோபாவுக்கு, பிறகு தலைமுடிக்கு.

சாயங்காலம் ஜோசலின் திரைச்சீலையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஹேமிஷ். அது என்னன்னு சொல்றதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மார்மைட்."

"சத்தியமா?"

"வேணும்னா மோந்து பாரு."

"நீ முதல்ல மோந்து பாரு."

அன்று இரவு ஹேமிஷ் ஒரு தீர்மானத்துக்கு வந்தான். புதன்கிழமை நடந்தது அதிசயம். அதிசயத்தை அரைகுறையாகச் செய்தால் பலிக்காது. மழைக்கோட்டு, நாய், தகரக் கிண்ணம், குரைப்பு எல்லாம் ஒரே நேரத்தில், மண்டபத்தில், டர்ன்புல் அம்மாள் முன்னிலையில் நடந்தாக வேண்டும். மானம் போகுமே என்று ஒரு கணம் தயங்கினான். அவன் மானத்தைத் தபால்காரம்மா ஏற்கெனவே வீடு வீடாகப் பட்டுவாடா செய்துவிட்டாள் என்பது நினைவுக்கு வந்ததும் மனம் லேசானது.

சனிக்கிழமை, நாற்காலிகளை அடுக்க வேண்டும் என்று ஜோசலின் ஆறரைக்கே தனியாகக் கிளம்பிப் போனாள். ஹேமிஷ் மழைக்கோட்டைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கினான். அது மேஜருக்கு அடியில் இருந்தது. அந்த அமளியில் அவனுக்குக் காபியும் இல்லை, டூகலுக்கு விடிகாலைப் பாலுக்குப் பிறகு வேறொன்றும் இல்லை. மேஜர் காரில் ஏற மறுத்தது. அதற்கு ஆசை காட்டக் கிண்ணம் நிறைய நாய் பிஸ்கட்டைக் கொட்டினான். அவசரத்துக்குக் கொட்டகை ஸ்பூனையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வெயில் பளிச்சென்று அடித்த காலை பத்து மணிக்கு, மழைக்கோட்டு அணிந்து, ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் கிண்ணமுமாய், இடுப்பில் நாயைக் கட்டிக்கொண்டு ஹேமிஷ் மண்டபப் படியேறினான்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் நைரி வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஊரில் நடப்பது எல்லாம் தெரிந்தவள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பி, உங்க வீட்டுச் சாமான் கொஞ்சம் எங்கிட்ட..."

"அப்புறம் பேசலாம்க்கா! நாயை மட்டும் இங்க கட்டிக்கறேன், ஒரே நிமிஷம்!"

நாயைக் கட்டக் குனிந்தபோது, வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்த ஓர் இளந்தாய் அவன் கையிலிருந்த கிண்ணத்தைச் சிரித்த முகமாய் வாங்கிக்கொண்டாள். "அட, தட்டு கொண்டாந்துட்டீங்களா! எம் புருஷன் எல்லாம் கையை வீசிக்கிட்டு வந்திருக்கார்."

ஹேமிஷுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் எந்தக் கூட்டத்துக்கான அழைப்பிலும் கடைசியில், 'தட்டு ஒன்று கொண்டு வரவும்' என்று இருக்கும். தட்டு என்றால் எல்லாரும் பகிர்ந்து தின்பதற்கான பலகாரம் அடுக்கிய தட்டு. அவன் நிமிர்ந்து உள்ளே ஓடியபோது, நீள மேஜையில் கேக்குக்கும் முட்டை சாண்ட்விச்சுக்கும் நடுவே மேஜரின் கிண்ணம் வீற்றிருந்தது. அதன் எதிரே நின்றிருந்த டர்ன்புல் அம்மாள் இரண்டாவது பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா மொறுமொறுன்னு இருக்கே! நீங்க செஞ்சதா?"

"இல்ல. ஆமா. அம்மா, அந்தக் கிண்ணம் எனக்கு அவசரமா..."

"ஓட்ஸா போட்டிருக்கீங்க?"

"ஓட்ஸும், கொஞ்சம்... ஈரலும்."

"ஈரலா!" அவள் கண்ணை மூடி மென்றாள். "துணிச்சல்காரர். இனிப்புப் பலகாரமா தின்னு தின்னு நாக்கே செத்துப் போயிருந்துச்சு." கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இது எங்கிட்டயே இருக்கட்டும். பின்னாடி உட்கார்ந்தவங்க மொத்தத்தையும் காலி பண்ணிடுவாங்க."

அதற்குள் ஜோசலின் வந்து டூகலை வாங்கிக்கொண்டாள். "எங்க போயிட்டே? ஏன் மழைக்கோட்டு? சரி விடு, வந்து என் பக்கத்துல நில்லு."

முப்பது தாய்மார்களும், மடியில் நாய்க் கிண்ணத்தோடு முன்வரிசையில் அமர்ந்த ஊர்ச்சபைத் தலைவியும் பார்த்துக்கொண்டிருக்க, டூகல் நாற்காலியில் ஏற்றப்பட்டான். ஜோசலின் அவன் முன்னால் இரண்டு குமராத் துண்டு, ஒரு ப்ரோக்கோலி, ஒரு கீற்றுக் கறி வைத்தாள். வைத்ததை எடுத்து மறுபடி நேராக அடுக்கினாள். ஹேமிஷ் எழுதிய பொய்யை நம்பி நிற்கிறாள், பாவம்.

கிண்ணம் இல்லை. நாய் இல்லை. டூகல் குமராவைக் கையில் எடுத்தான். அவன் கை மெல்ல உயர்ந்தது. ஹேமிஷுக்கு அந்தக் கோணம் நன்றாகத் தெரியும். டர்ன்புல் அம்மாளின் மூக்குக் கண்ணாடிக்குத்தான் குறி.

ஹேமிஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மண்டபம் அதிரக் குரைத்தான்.

"வவ்! வவ்வவ்!"

வெளியிலிருந்து மேஜர் பதில் குரைத்தது. முப்பது தலைகள் திரும்பின. நாலைந்து குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ஜோசலினின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"ஐயோ, அங்க பாருங்க!" என்றாள் ஒருத்தி.

டூகல் தின்றுகொண்டிருந்தான். ஒரு குமரா போயிற்று, இரண்டாவது போயிற்று. ப்ரோக்கோலியின் தலையைக் கடித்துத் துப்பாமல் விழுங்கினான். கறியைச் சப்பினான். தட்டைத் தட்டி, இன்னும் கொண்டா என்று அதட்டினான். யாரும் ஊட்டவில்லை, யாரும் தொடவில்லை. மண்டபம் கைதட்டியது.

டர்ன்புல் அம்மாள் எழுந்து, மடியிலிருந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இதுக்கு மேல என்ன பார்க்கணும்? வகுப்பு நிரந்தரம். அந்தக் குரைக்கற உத்தி ஏன்னுதான் எனக்குப் புரியலை. இருந்தாலும் புதுமை. அப்புறம், தம்பி, பிஸ்கட் செய்முறையை மறக்காம எழுதிக் குடுங்க. எம் வீட்டுக்காரர் மூட்டுவலிக்காரர். சாப்பிட்டதும் எனக்கே துள்ளிக் குதிக்கலாம்போல இருக்கு."

கூட்டம் கலைந்ததும் ஜோசலின் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. "எல்லாம் உன்னாலதான். நீ ஒரு மாசமா பொறுமையா உட்கார்ந்து பழக்கினது. நான் பேசத்தான் பேசறேன், செஞ்சவன் நீதான்."

ஹேமிஷுக்கு அந்த அணைப்பு முள்கம்பியாய்க் குத்தியது. சட்டைப் பையில் ஸ்பூனும் குத்தியது. இனிமேல் ஒரு நிமிஷம்கூட இதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

"ஜோஸ், நான் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே. ஸ்பூன் விஷயமா..."

ஜோசலின் சடாரென்று விலகினாள். "ஸ்பூனா? எந்த ஸ்பூன்? எனக்கு ஒரு ஸ்பூனும் தெரியாதே!"

அந்த நேரம் பார்த்து, கலகலவென்று சத்தமிட்ட ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து நைரி வந்தாள்.

"இந்தாம்மா ஜோசலின், உன் டீஸ்பூன் ஒரு டஜன் சேர்ந்துபோச்சு. தினம் காலையில இங்க உட்கார்ந்து புள்ளைக்கு வயிறு முட்ட ஊட்டிட்டு, ஒண்ணொண்ணா இங்கேயே போட்டுட்டுப் போயிடறே. புதன்கிழமை மழையில வரலை, இன்னிக்கும் ஊட்டலை, அதான் புள்ள பசியில அந்தப் பறப்புப் பறக்குது!"